நாற்றங்கால் ஒன்றுதான்!

நாகர்கோவில் வடசேரியிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை செல்லும் நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகைகளைப் படித்துக்கொண்டே சென்றால், குமரி மாவட்டத்தின் பொருளாதாரம் ஓரளவு விளங்கிவிடும். நகைக் கடை, ஜவுளிக் கடை, திருமண மண்டபம், வெளிநாட்டு வேலைக்கான முகவர், செவிலியர் கல்லூரி. அண்மைக் காலமாக அந்த வரிசையில் முடி மாற்று சிகிச்சை நிலையங்களும் சேர்ந்துள்ளன. இடப்பக்கம் வழுக்கைத் தலை, வலப்பக்கம் அடர்ந்த கேசம். கீழே 'எளிய மாதத் தவணை'.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், அந்தப் படங்களைவிடத் தவணை என்ற சொல்லே என் கண்ணில் முதலில் படுகிறது. என்னிடம் படித்த இளைஞர்களில் கணிசமானோர் வளைகுடா நாடுகளில் பணிபுரிகிறார்கள். இரண்டு மாத விடுப்பில் ஊர் வருவார்கள். அதற்குள் பெண் பார்ப்பது, நிச்சயம், திருமணம் எல்லாம் முடிய வேண்டும். இப்போது அந்தப் பட்டியலில் முடி நடவும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. கடன் வாங்கியேனும் அதைச் செய்துகொண்ட சிலர், ஓராண்டு கழித்துச் சொன்ன கணக்குகளே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

முடி நடவு என்னும் அறுவை சிகிச்சையை நான் குறை கூற வரவில்லை. தகுந்த வயதில், தகுந்த மருத்துவரிடம், தகுந்த நிலையில் செய்தால் அது பயன் தரும். ஆனால், அது கடைசிப் படி. அதற்கு முன் மருந்து, மறைப்புப் பொருள் என இரண்டு படிகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதிப்பதால் விளையும் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை.

வழுக்கையும் மருமக்கள்வழியா?

நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் சொத்து மருமக்கள்வழியில் இறங்கியது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அது வழக்கொழிந்தது. ஆயினும் வழுக்கை மட்டும் இன்றும் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு வருகிறது என்றே பலர் நம்புகிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. ஆண் இயக்குநீரை உணரும் ஏற்பிக்கான மரபணு, தாய் வழியாகக் கிடைக்கும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால், வழுக்கையோடு தொடர்புடைய வேறு பல மரபணுக்கள் தந்தை, தாய் இருவரிடமிருந்தும் வருகின்றன. ஆகவே, மாமன் தலையை மட்டும் பார்த்து ஆருடம் சொல்ல முடியாது.

வளைகுடாத் தண்ணீர்தான் காரணம் என்பது மற்றொரு நம்பிக்கை. உப்பு மிகுந்த தண்ணீரால் முடி வறண்டு முறியலாம். நெற்றியின் இருபுறமும் ஏறி, உச்சியில் வட்டமிட்டுப் பரவும் ஆண் வழுக்கைக்குக் காரணம் தண்ணீர் அன்று. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் இயக்குநீரிலிருந்து ஒரு நொதியின் உதவியால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் உருவாகிறது. மரபு வழியில் அதற்கு வசப்படும் தன்மையுள்ள முடிவேர்ப்பைகள் சுற்றுக்குச் சுற்று சிறுத்துக்கொண்டே போகின்றன. தடித்த முடி மெலிந்து, பூனைமுடியாகி, பின்னர் அதுவும் இல்லாமல் போகிறது. இளமையில் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் பதிவு செய்தார். பின்னந்தலை முடிக்கு இந்த வசப்படும் தன்மை குறைவு. அதனால்தான் எவ்வளவு வழுக்கை விழுந்தாலும் பின்புறம் ஒரு வளையம் எஞ்சுகிறது.

எல்லா முடி உதிர்வும் வழுக்கை அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், திடீர் எடைக் குறைப்பு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு போன்றவற்றாலும் கொத்துக்கொத்தாக உதிரும். காரணம் நீங்கினால் சில மாதங்களில் திரும்ப வளரும். இதைப் பிரித்தறிவது தோல் மருத்துவரின் வேலை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு புறநோயாளிச் சீட்டு எடுத்தாலே இந்த முதல் ஐயம் தீர்ந்துவிடும். விளம்பர நிலையத்தின் 'இலவச ஆலோசனை'யில் அது தீராது. அறுவை சிகிச்சையை விற்பவர், அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதற்கு அவருக்கு என்ன ஊக்கம் இருக்கிறது?

மருந்து என்னும் முதல் படி

மருத்துவ உலகம் பரவலாக ஏற்றுக்கொண்ட மருந்துகள் இரண்டு. இரண்டும் வேறு நோய்களைத் தேடிப் போனபோது கிடைத்தவை.

மினாக்சிடில் முதலில் உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. உட்கொண்டவர்களின் உடலில் முடி வளர்ந்ததைக் கண்டு, அதைத் தலையில் தடவும் நீர்மமாக மாற்றினார்கள். 1988-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஃபினாஸ்டரைடின் கதை இன்னும் வியப்பானது. டொமினிக்கன் குடியரசின் சில கிராமங்களில், மேற்சொன்ன நொதி குறைந்து பிறந்த ஆண்களைப் பற்றிய ஆய்வு 1974-இல் வெளியானது. அவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாக ஃபினாஸ்டரைடு உருவானது. 5 மில்லிகிராம் மாத்திரை 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1 மில்லிகிராம் மாத்திரை 1997-இல் ஆண் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இவை என்ன செய்யும்? இருப்பதைக் காப்பாற்றுவதே இவற்றின் முதற்பணி. ஃபினாஸ்டரைடு பற்றிய ஈராண்டுச் சோதனையில், மருந்து எடுத்தவர்களில் 83 சதவீதத்தினருக்கு முடி எண்ணிக்கை குறையவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அவ்வாறு தப்பியவர்கள் 28 சதவீதத்தினர்தாம். பளபளத்துப் போன உச்சந்தலையில் மீண்டும் காடு வளர்க்கும் ஆற்றல் எந்த மருந்துக்கும் இல்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும்; முழு மதிப்பீட்டுக்கு ஓராண்டு வேண்டும். மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு அதிகமாவதும் உண்டு. பழைய முடி புதியதற்கு வழிவிடும் அந்தக் கட்டத்தில் அஞ்சி நிறுத்துபவர்களே அதிகம். மருந்தை நிறுத்தினால் பெற்ற பலன் சில மாதங்களில் கரைந்துவிடும்.

பக்க விளைவுகளை மறைப்பதும் தவறு, பெரிதாக்குவதும் தவறு. ஃபினாஸ்டரைடு எடுத்தவர்களில் 3.8 சதவீதத்தினரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதத்தினரும் பாலியல் தொடர்பான குறைகளைத் தெரிவித்ததாக மருந்தின் சோதனைப் பதிவு கூறுகிறது. மருந்தை நிறுத்திய பிறகும் இக்குறை நீடித்ததாகச் சிலர் முறையிட்டுள்ளனர். தற்கொலை எண்ணம் ஏற்படக்கூடும் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் ஒரு பக்க விளைவாக உறுதிசெய்து எச்சரித்தது. ஆகவே, மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். மனநிலையில் மாற்றம் தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. மருந்து எடுப்பவர் கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதமேனும் இரத்த தானம் செய்யக்கூடாது. புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறியும் பி.எஸ்.ஏ. பரிசோதனையின் அளவை இம்மருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், நடுவயதைத் தாண்டியவர்கள் பரிசோதனையின்போது இதைத் தெரிவிக்க வேண்டும். மருந்துக் கடையில் பெயரைச் சொல்லி வாங்கி விழுங்கும் மாத்திரை அன்று இது என்பதற்கு இவ்வளவு காரணங்கள் போதும்.

நம் ஊரில் கையாந்தகரை, நீலிபிருங்காதி, தேங்காய்ப்பால் என்று எண்ணெய் காய்ச்சும் மரபு உண்டு. முடிக்கு மென்மையும் தலைக்குக் குளிர்ச்சியும் தருவதை நான் மறுக்கவில்லை. ஆனால், சிறுத்துப்போன வேர்ப்பையை அவை மீட்டதாக உறுதியான சான்று இல்லை. வழுக்கையைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ மருந்துகள் உரிமை கொண்டாடக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளின் 'ஜே' அட்டவணையே கூறுகிறது. தொலைக்காட்சியைப் பார்ப்பவர்களுக்கு அப்படியொரு விதி இருப்பதே வியப்பாக இருக்கும்.

மறைப்பு என்பது காத்திருக்கும் உரிமை

ஓராண்டு காத்திரு என்றால் இளைஞன் கேட்கும் கேள்வி நியாயமானது: 'அதுவரை எப்படி வெளியே போவது?' இதற்குத்தான் இரண்டாம் படியான மறைப்புப் பொருள்கள்.

இவற்றில் பரவலானது கெரட்டின் நார்த்தூள். முடி எந்தப் புரதத்தால் ஆனதோ அதே வகைப் புரதத்தின் நுண்ணிய நார்கள், நிலைமின் ஈர்ப்பால் இருக்கும் முடிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றைத் தடிமனாகக் காட்டும். தோலுக்கும் முடிக்கும் உள்ள நிற வேறுபாடே வழுக்கையைக் காட்டிக்கொடுக்கிறது. தலைத்தோலுக்கு நிறம் ஏற்றும் பொடிகளும் களிம்புகளும் அந்த வேறுபாட்டைக் குறைக்கின்றன. முடி ஓரளவு எஞ்சியிருக்கும் இடத்தில்தான் நார்த்தூள் பயன்படும். பற்றிக்கொள்ள முடியே இல்லாத நெற்றியில் அது ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். மினாக்சிடில் தடவுபவர்கள் அது நன்றாக உலர்ந்த பிறகே தூவ வேண்டும். இரவில் கழுவிவிட வேண்டும். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள குமரியில் வியர்வையும் தூறலும் இதன் எதிரிகள். தூவிய பின் முடியை நிறுத்தும் தெளிப்பானை அடித்துக்கொண்டால் ஓரளவு தாங்கும். முறையாகக் கழுவினால் முடிக்குத் தீங்கில்லை.

இதைப் பொய்வேடம் என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. எனக்கு அது வேறாகத் தெரிகிறது. திரும்பப் பெற முடியாத முதலீட்டை, எதிர்காலம் தெளிவாகாத நிலையில் செய்ய நேரும்போது, காத்திருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்பது பொருளியல் பாடம். அவினாஷ் தீட்சித்தும் ராபர்ட் பிண்டிக்கும் 1994-இல் எழுதிய நூல் இதை விரிவாக நிறுவியது. முடி நடவு திரும்பப் பெற முடியாத முதலீடு. வழுக்கை எங்கே போய் நிற்கும் என்பதோ 22 வயதில் தெரியாது. ஒரு குப்பி நார்த்தூள், அந்தத் தெளிவு கிடைக்கும்வரை காத்திருக்கும் உரிமைக்கு நாம் தரும் சிறு விலை.

ஏன் அவசரம் கூடாது?

நாஞ்சில் நாட்டு வயலை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். முடி நடவும் நாற்று நடவுதான். பின்னந்தலை நாற்றங்கால்; அங்கிருந்து பறித்து முன்னந்தலையில் நடுகிறார்கள். கன்னிப்பூவுக்கு ஒரு நாற்றங்கால், கும்பப்பூவுக்கு மற்றொன்று என்று விவசாயி ஆண்டுதோறும் விதைக்கலாம். தலையில் அது முடியாது. பறித்த இடத்தில் மறுபடி முளைக்காது. ஒருவர் தம் வாழ்நாள் முழுவதற்கும் பின்னந்தலையிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடிய கிராஃப்ட்டுகள் பொதுவாக 5,000, 6,000 என்ற அளவில்தான் இருக்கும்.

தேவை எவ்வளவு? வழுக்கை முற்றிய தலையில் வெற்றிடம் 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இயல்பான அடர்த்தியில் ஏறக்குறையப் பாதியாகச் சதுர சென்டிமீட்டருக்கு 40 வீதம் நட்டாலும் 8,000 கிராஃப்ட்டுகள் வேண்டும். இருப்பு போதாது. அதனால் எங்கே நடுவது, எவ்வளவு நடுவது, எதைக் கையிருப்பாக வைப்பது என்பது முழுக்க முழுக்கப் பற்றாக்குறை வளத்தைப் பகிரும் சிக்கல். 22 வயதில் நெற்றிக்கோட்டைப் பள்ளிப்பருவத்து இடத்துக்கே இறக்கி 3,000 கிராஃப்ட்டுகளைச் செலவிட்டவர், 35 வயதில் உச்சி வெறுமையாகும்போது கையில் இருப்பின்றி நிற்பார்.

இன்னொரு செய்தியை விளம்பரங்கள் சொல்வதில்லை. நட்ட முடி பின்னந்தலையின் குணத்தோடு நிலைக்கும். அதைச் சுற்றி ஏற்கெனவே இருந்த முடியோ தன் போக்கில் உதிர்ந்துகொண்டே இருக்கும். மருந்தால் அந்த உதிர்வைத் தடுக்காமல் நட்டால், சில ஆண்டுகளில் முன்புறம் ஒரு வரிசை தனித்தீவாக நிற்க, பின்னால் வெற்றிடம் விரியும். கடலரிப்பு நிற்பதற்குள் கரையில் வீடு கட்டுவதற்கு இது நிகர். தூண்டில் வளைவு முதலில், வீடு பிறகு என்பது நம் கடற்கரை மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே, நடவுக்குப் பிறகும் பெரும்பாலோர் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். மருந்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று கொண்டால் பத்து ஆண்டுகளுக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம். 'ஒரே தவணையில் தீர்வு' என்று நினைத்து அறுவை சிகிச்சைக்குக் கடன் வாங்குபவர்கள் இந்தத் தொகையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பு நட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் பெரிய தவறு. நட்ட முடியில் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் உதிர்ந்துவிடும்; வேர் மட்டுமே உள்ளே தங்கும். அதிர்ச்சியில் அக்கம்பக்கத்து முடியும் தற்காலிகமாக உதிரலாம். புதிய முடி தலைகாட்ட மூன்று, நான்கு மாதங்கள். முழுத் தோற்றத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு. அதாவது, மணமேடையில் அமரும் நாளில் முன்பைவிட மெலிந்த தலையே வாய்க்கும். இரண்டு மாத விடுப்பில் வருபவருக்கு உதவக்கூடியது நார்த்தூளும் நல்ல முடிதிருத்துநரும்தாம்.

உயிரின் விலை

2016 மே மாதம் சென்னையில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர், 22 வயது இளைஞர், நுங்கம்பாக்கத்தில் ஒரு நிலையத்தில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டார். உடல்நிலை மோசமாகி, இரண்டு நாள்களில் உயிரிழந்தார். அந்த நிலையம் சலூன் என்ற அளவில்தான் உரிமம் பெற்றிருந்தது என்றும், மயக்க மருந்து கொடுத்தவர் சிகிச்சை முடியும் முன்பே சென்றுவிட்டார் என்றும் அப்போது செய்திகள் வெளியாயின. தொடர்புடைய மருத்துவர்கள் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் நடவடிக்கை எடுத்தது. மருத்துவம் படிக்கும் மாணவருக்கே சிகிச்சை நிலையத்தின் தரத்தைக் கண்டறிய முடியவில்லை என்றால், மற்றவர்களின் நிலை என்ன? விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் தரமற்ற சரக்கே பெருகும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதியதற்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும், காணொலியோ பயிலரங்கோ பார்த்துக் கற்றது போதாது என்று அது தெளிவாகவே கூறியது. அதன் பின்னரும் கான்பூரில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட பொறியாளர்கள் இருவர் இறந்தது 2025-இல் வெளிச்சத்துக்கு வந்தது; அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு பல் மருத்துவர்.

வரிச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மருத்துவ சேவைக்குச் சரக்கு, சேவை வரி விலக்கு உண்டு. முடி மாற்று சிகிச்சையோ அந்த வரையறையிலிருந்து பெயர் சொல்லியே நீக்கப்பட்டுள்ளது. பிறவிக் குறை, விபத்துக் காயம் போன்றவற்றைச் சீரமைப்பதற்கன்றி, அழகுக்காகச் செய்வதற்கு 18 சதவீத வரி. வரி வசூலிக்கும்போது இது அழகுக்கலை என்று கூறும் அரசு, கண்காணிக்கும்போது இது அறுவை சிகிச்சை என்பதை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு பெற்ற நிலையங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் மக்கள் பார்வைக்கு வைக்கலாம். விளம்பரப் பலகைகளில் பதிவு எண்ணும், சிகிச்சை செய்யும் மருத்துவரின் பெயரும் தகுதியும் இடம்பெற வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை.

நுகர்வோர் தரப்பில் சில கேள்விகள் போதும். நிலையத்தின் பதிவுச் சான்று எங்கே? முடியைப் பறிப்பதும் துளையிடுவதும் மருத்துவரா, உதவியாளரா? மயக்க மருந்தால் ஒவ்வாமை ஏற்பட்டால் கையாள என்ன வசதி? மருந்து கொடுத்து ஓராண்டு பார்க்காமல் ஏன் உடனே நட வேண்டும்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், எழுந்து வந்துவிடலாம்.

பெற்றோரிடமும் பெண் வீட்டாரிடமும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பழனியிலும் திருப்பதியிலும் முடியைக் காணிக்கையாகத் தந்துவிட்டு மொட்டைத் தலையோடு மகிழ்ந்து திரும்பும் சமூகம் நாம். திரையில் விதவிதமான சிகையோடும், வெளியில் வழுக்கைத் தலையோடும் வருகிற ரஜினிகாந்தைக் கொண்டாடுபவர்களும் நாம்தாம். அப்படியிருக்க, மாப்பிள்ளையின் நெற்றி இரண்டு விரற்கடை ஏறியிருப்பதைத் திருமணப் பேச்சில் ஒரு குறையாக எடுத்து வைப்பது எந்த நியாயம்? 25 வயது இளைஞனைக் கடனுக்கும் கத்திக்கும் துரத்துவதில் அந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு.

மருந்தோ மறைப்போ நடவோ வேண்டாம், இருக்கிறபடியே இருக்கிறேன் என்பதும் முழுமையான ஒரு முடிவுதான். அதற்குச் செலவும் இல்லை. நட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று உறுதியாக நினைப்பவர்கள், நாற்றங்கால் ஒன்றுதான் என்பதை மனத்தில் வைத்து, நோயறிதல், ஓராண்டு மருந்து, அதுவரை மறைப்பு, அதன் பிறகே நடவு என்ற வரிசையைக் கடைப்பிடிக்கட்டும். அந்த வரிசையில் போகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு நான்காவது படிக்கு ஏறவேண்டிய தேவையே வராது.